அக்காவின் கட்டியும் என் கணக்கும்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். கணக்குப் பேராசிரியை என்று சொன்னால், "பத்தாவதுக்கு டியூஷன் எடுப்பீங்களா" என்பார்கள். புற்றுநோய் ஆராய்ச்சி என்று சொன்னால் கைப்பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவார்கள். நான் செய்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கட்டி தன்னைச் சுற்றியிருக்கும் சதையோடு என்னென்ன கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்ப்பேன். தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

கட்டி தனியாக வளர்வதில்லை. பக்கத்துச் சதையிலிருந்து பிராணவாயுவை உறிஞ்சும், அமிலத்தைக் கக்கும், தனக்கென்று புது ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் செல்களும் சும்மா இருப்பதில்லை. சில சண்டைக்கு வரும். சில கட்டியோடு சேர்ந்துகொண்டு அதற்குச் சோறு போடும். சில இறுகிப்போய், மருந்தை உள்ளே விடாமல் நிற்கும். ஆகவே கட்டியை மட்டும் எழுதினால் போதாது, சுற்றுப்புறத்தையும் எழுத வேண்டும். அங்கேதான் வம்பு. சுற்றுப்புறம் எங்கே முடிகிறது? உடம்பு முழுவதையும் கம்ப்யூட்டரில் அடைக்க முடியாது. எங்கேயாவது ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லியாக வேண்டும். இதற்கு எல்லை நிபந்தனை என்று பெயர்.

அந்தக் கோட்டைச் சுவராக வைத்துவிடுவது சுலபம். எதுவும் உள்ளே வராது, எதுவும் வெளியே போகாது, கணக்கு சமர்த்தாக முடிந்துவிடும். ஆனால் உடம்புக்குள் அப்படிச் சுவர் எங்கும் கிடையாது. கொஞ்சம் விடும், கொஞ்சம் தடுக்கும், அதுதான் உடம்பு. எவ்வளவு விடும் என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இல்லை. நானும் பல வருடம் சுவரை வைத்தே கட்டுரை எழுதினேன். உலகம் முழுக்கப் பாதிப்பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், நான் மட்டும் என்ன தனிப்பிறவியா.

என் அக்காவுக்குக் கட்டி வந்தது குறுவை நடவு சமயத்தில். எனக்குத் தெரிந்தது ஆடி மாதத்தில். நடுவில் அவள் வாயைத் திறக்கவில்லை.

அக்கா வெண்ணாற்றுக்குத் தெற்கே எங்கள் ஊரில் இருக்கிறாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் வேலை பார்த்தவர்கள். இன்றைக்கு அக்காவும் மாமாவும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார்கள். அது போக, நடவு நாட்களில் ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வயல் வயலாகப் போகிறவள் அவள்தான். யார் வயலுக்கு என்றைக்குப் போவது, எத்தனை பேர் போவது எல்லாம் அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் தொண்டை அப்படி. இந்த வரப்பில் நின்று கத்தினால் அடுத்த வாய்க்காலில் துணி துவைக்கிறவள் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தத் தொண்டைக்காரி போனில் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனதைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில், "அப்பறம் மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்கு பாப்பா. வலியெல்லாம் இல்ல" என்றாள்.

"எப்பலேருந்து?"

"குறுவை நடவு அப்பலேருந்துதான். நடவு முடியட்டும்னு இருந்தேன்."

நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அக்கா, "சரி, காலையில பஸ் ஏறி வரேன், விடு" என்றாள்.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். நிதானமாகப் பேசுவார். அந்த நிதானமே எனக்கு ஆகாது. விரலால் கட்டியை நாலு பக்கமும் அசைத்துப் பார்த்தார். அது அசைய மறுத்தது. பிறகு ஊசி வைத்து எடுத்த சதையின் முடிவும் வந்தபின் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"கட்டி நெஞ்சுச் சதையோட ஒட்டிக்கிட்டு இருக்குங்க. இப்பவே ஆபரேஷன் பண்ணினா ஓரத்துல மிச்சம் நின்னுடும். முதல்ல கீமோ போட்டுச் சுருக்கணும். சுருங்கி, ஒட்டினது விட்டுச்சுன்னா சுத்தமா எடுத்துடலாம். ஆனா ஊசியெல்லாம் தேதி தவறாமப் போட்டுக்கணும். நடுவுல நிறுத்திட்டா அப்புறம் எங்க கையில ரொம்ப வழி இருக்காதுங்க."

மாமா தலையை ஆட்டினார். அவர் அதிகம் பேசாதவர். அக்கா மட்டும், "வெட்டிப் போட்டுட்டா தொல்லை விட்டுச்சுல்ல, எதுக்கு வச்சுகிட்டுச் சுருக்குறது" என்று கேட்டாள். டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். என்னால் உட்கார முடியவில்லை. நெஞ்சுச் சதையில் ஒட்டிய கட்டிக்குள் மருந்து எவ்வளவு ஆழம் போகும் என்பதுதான் நான் எழுதிய கடைசிக் கட்டுரை. அதை எழுதும்போது அது யாருடைய நெஞ்சும் இல்லை.

வெளியே வந்ததும் அக்கா என் தோளைத் தொட்டாள்.

"நீ இதைத்தானடி படிச்ச. என் கட்டியையும் உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன். பொழைப்பேனா மாட்டேனான்னு சொல்லிடும்ல."

"அது அப்படியில்லக்கா. அது ஒரு ஆளுக்குப் பார்க்குறதுக்குச் செஞ்சது இல்ல."

"பின்னே யாருக்குப் பார்க்குறதுக்கு?"

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. என்ன கேள்வி இது என்று தோன்றியது. ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

போட்டுப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். மறுநாளே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பார்த்தேன். ஸ்கேனில் இருந்த அளவுகளைப் போட்டேன். தெரியாததற்கெல்லாம் நானே எண் வைத்தேன். எல்லையைச் சுவராக வைத்தேன், கட்டி சுருங்கியது. எல்லையைக் கொஞ்சம் திறந்தேன், கட்டிக்குச் சாப்பாடு கூடி வளர்ந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தேன், மருந்து உள்ளே போய் மறுபடி சுருங்கியது. திரையில் சிவப்பு வட்டம் பெரிதாவதும் சிறிதாவதுமாக இருந்தது. ஒரு கட்டத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. எந்த எண்ணை வைத்தால் அக்கா பிழைப்பாள் என்று எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு நடத்தியதும் எல்லை நிபந்தனைதான். என்ன நடத்தினேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை.

முதல் ஊசி முடிந்து, கூட்டம் சேர்ந்தால் தொற்று வரும் என்ற டாக்டரின் எச்சரிக்கையோடு அக்கா ஊருக்குப் போனாள். பிறகு நடந்ததற்கு எங்கள் ஊர் வழக்கம்தான் காரணம், யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் போய்ப் பார்த்தாக வேண்டும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். நோயில் படுத்தபோது எட்டிப் பார்க்காதவரை மன்னிக்கவே மாட்டார்கள். "கெடையில கெடந்தப்ப எட்டிப் பார்த்தானா அவன்?" என்று ஒரு தலைமுறைக்குச் சொல்வார்கள். ஆகவே வந்தார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள், மயிலாடுதுறையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் பஸ் மாறி வந்தார்கள். ஆப்பிள், ரொட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில். வருகிறவர்கள் அக்காவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, தலையைத் தடவி, உதிர்கிற முடியைப் பார்த்து அழுது, மூக்கைச் சிந்தி, காப்பி குடித்துவிட்டுத்தான் போவார்கள். நான் போனில் சொல்லாத வார்த்தை இல்லை. மாமா, "வர்றவங்களைப் போங்கன்னு எப்படிம்மா சொல்றது?" என்றார்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தன. மருத்துவமனையில் படுக்கவைத்தார்கள். இரண்டாவது ஊசியின் தேதி தள்ளிப்போனது. டாக்டர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"கூட்டம் கூடாதுன்னு சொன்னேன்ல? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தாங்காதுங்க. கட்டி நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது."

அதோடு நான் பொறுப்பைக் கையில் எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. லீவு போட்டேன். அக்காவை நேராகத் தஞ்சாவூரில் என் வாடகை வீட்டுக்கு, முதல் மாடிக்குக் கொண்டுவந்தேன். கதவைச் சாத்தினேன். மாமா வாரத்தில் ஒரு நாள், அதுவும் மாஸ்க் போட்டுக்கொண்டு, வாசல் நாற்காலியில். வேறு யாரும் கிடையாது. போனும் என் கையில்தான். "தூங்குறாங்க" என்று நானே சொல்லி வைத்துவிடுவேன். கோபித்துக்கொண்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ரொம்பப் படிச்சவ என்ற பட்டம் எனக்கு முன்பே உண்டு, புதிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

காய்ச்சல் வரவில்லை. ரத்தப் பரிசோதனை எண்கள் ஏறின. இரண்டாவது ஊசி தேதியில் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவர் வைத்தால் கணக்கு முடிகிறது பார்த்தீர்களா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஆனால் அக்கா சாப்பிடவில்லை. ஊசியால் வருகிற குமட்டல் என்று முதலில் நினைத்தேன். குமட்டல் நின்ற பிறகும் தட்டு அப்படியே இருந்தது. இட்லியைப் பிட்டுப் பிட்டு ஓரத்தில் வைப்பாள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் முழுக்க அவள் தொண்டையைக் கேட்கவில்லை. நான் சமைப்பதும், பாத்திரத்தைத் தேய்ப்பதும், தெர்மாமீட்டரை நீட்டுவதும், டாக்டருக்குச் செய்தி அனுப்புவதுமாக வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். எடை இறங்கியது. அடுத்த ஊசிக்குள் எடை ஏறாவிட்டால் மருந்தைத் தாங்காது, மறுபடி தள்ளிவைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். "சாப்பிடுக்கா, சாப்பிடேன்" என்று கெஞ்சினேன். பிறகு கத்தினேன். இரண்டுக்கும் அவள் ஒரே முகத்தோடு இருந்தாள்.

இந்த நேரத்தில்தான் நடவுப் பெண்கள் வந்தார்கள். சம்பா நடவு தொடங்கியிருந்தது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஒரு கூட்டமாகப் பஸ் ஏறி, கையில் தூக்குச்சட்டிகளோடு வந்து, மாடிப்படி முழுக்க நின்றார்கள். முன்னால் நின்றது எங்களுக்குச் சித்தி முறையாகும் ஒருத்தி. ஊரில் சாவு விழுந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒப்பாரி வைத்தால் கல்லும் அழும் என்பார்கள். நல்ல மனுஷி. ஆனால் அழுவதற்கு அவளுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம்.

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறோம் பாப்பா" என்றாள் சித்தி.

"முடியாது சித்தி. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"வாசல்லேருந்தே பார்க்குறோம்."

"கெளம்புங்கன்னு சொல்றேன்ல."

"உசிரோட இருக்காளாடி?" என்று பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்.

நான் கதவைச் சாத்திவிட்டேன். அவர்கள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று அடுப்படிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

எங்கள் ஊரில் நோயாளியைக் காட்டாமல் மறைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் முடிந்துபோயிருக்க வேண்டும், இல்லை முடிகிற கட்டத்தில் இருக்க வேண்டும். கீழே நின்ற பெண்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். சித்தி எதிர்வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து, என் அக்காவுக்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா நாற்று விட்டதையும், சேற்றில் இறங்கினால் நாலு ஆள் வேலை பார்த்ததையும், கழுத்தில் போட்டிருந்த சங்கிலியையும், கூடப் பிறந்தவளே கதவைச் சாத்திய கொடுமையையும் வரிசையாகச் சொல்லி அழுதாள். சுற்றி நின்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். தெருவில் போன ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் ஒப்பாரியைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் தடதடவென்று இறங்கி ஓடி அவர்களை விரட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மேலே வந்தபோது அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "லூசுங்க, விடுக்கா" என்றேன். அவள் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. அக்கா இல்லை. கட்டிலில் தெர்மாமீட்டர் மட்டும் இருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஊர் பஸ் அப்போதுதான் கிளம்பியிருந்தது, அடுத்ததில் ஏறினேன். கண்டக்டரிடம் மொட்டைத் தலை அம்மா யாராவது போனார்களா என்று கேட்டேன். முந்தின பஸ்ஸைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும். ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கூட்ஸ் வண்டி வந்தது, வந்துகொண்டே இருந்தது. நான் சீட்டிலிருந்து எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பக்கத்து அம்மா, "எறங்கணுமா" என்று காலை ஒதுக்கினார். ஊசிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. இந்தத் தடவையும் தள்ளிப்போனால், கட்டி சுருங்காமல் நின்றுவிட்டால், வெட்ட முடியாமல் போய்விட்டால். இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு வெளியே வயல் வயலாக நடவு நடந்துகொண்டிருந்தது. எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது.

வீட்டில் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் எங்கள் வயலில் இருந்தாள். வரப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அக்கா, தலையில் துண்டு, கையில் குடை. பெண்கள் சேற்றில் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட அவள் பக்கத்தில் இல்லை, வயலின் அந்தக் கோடியில் இருந்தார்கள். அங்கிருந்தே பேச்சும் சிரிப்பும் வந்துகொண்டிருந்தன. சித்தி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்றுக்கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"கிட்ட வந்தீங்கன்னா என் தங்கச்சி கொன்னுடுவான்னு சொல்லி வச்சுருக்கேன்" என்றாள் அக்கா. தொண்டை திரும்பி வந்திருந்தது. காலடியில் ஒரு தூக்குச்சட்டி காலியாகக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்திலும் அதைக் கவனித்தேன்.

"யாரு குடுத்தா? சூடாத்தான் இருந்துச்சா? எத்தனை பேர் கை பட்டுச்சு? உனக்கென்ன பைத்தியமாக்கா? வா, கெளம்பு. ஊசிக்கு நாள் நெருங்கிடுச்சு."

"ஊசியெல்லாம் வேணாம்."

"என்னது?"

"போதும்டி. நான் வரல."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நடவு நடக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"போட்டுப் பார்த்தேல்ல?"

"எதை?"

"என் கட்டிய. உன் கம்ப்யூட்டர்ல. போட்டுப் பார்த்துருக்க, மோசமா வந்துருக்கு. அதான் யாருக்கும் காட்டாமக் கதவைச் சாத்துன. எனக்குத் தெரியாதா? அவளுக சும்மா அழுதாளுகன்னா நெனைக்கிற? போறவளுக்கு எதுக்கு ஊசி? கெடக்குற வரைக்கும் இங்க கெடந்துட்டுப் போறேன்."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன், சேலையெல்லாம் சேறு. இத்தனை நாளும் அவள் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தது இதற்குத்தான். காய்ச்சலை வெளியே நிறுத்துகிறேன் என்று நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். உள்ளே இருந்தவள் அந்தக் கதவைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"போட்டுப் பார்த்தேன்க்கா" என்றேன்.

அவள் குடையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள்.

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. ஒரு எண்ணை வச்சா சுருங்குது. இன்னொண்ணை வச்சா வளருது. எந்த எண்ணு உன்னோடதுன்னு எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியாது. நான் பாட்டுக்கு மாத்தி மாத்தி வச்சுப் பார்த்துட்டு, பயந்துபோய் மூடிட்டேன்."

"மோசமா வரல?"

"வரல. நல்லதாவும் வரல. தெரியாதுக்கா."

"தெரியாதா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது."

இருபது வருடப் படிப்பு. அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் முகம் மெல்ல மாறியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அழுத்திக்கொண்டிருந்த எதையோ இறக்கி வைத்தவள் முகம்.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலையிறதுக்கு என்னாடி? முடிஞ்சுபோச்சுன்னுல்ல நெனைச்சுட்டேன்" என்றாள். "தெரியாதுன்னா சரி. இந்தா, இவளுக நட்டுக்கிட்டு இருக்காளுக. ஆத்துல தண்ணி தை வரைக்கும் நிக்குமான்னு கேட்டா யாருக்குத் தெரியும்? நட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்."

மூக்கைச் சிந்தினேன். "கிட்ட வந்து சிந்தாத, டாக்டரு திட்டும்" என்றாள்.

பிறகு பேரம் ஆரம்பமானது. ஊசிக்கு வருகிறேன், ஆனால் கதவைச் சாத்தக்கூடாது என்றாள். ஒரு ஆள் வரலாம் என்றேன். நாலு என்றாள். அதெல்லாம் நடக்காது, இரண்டு என்றேன். சரி, தினமும் இரண்டு. கை கழுவ வேண்டும், மாஸ்க் போட வேண்டும், தொடக்கூடாது, சளி பிடித்தவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, சோறு அப்போது வடித்ததாக இருக்க வேண்டும்.

"அழவும் கூடாது" என்றேன்.

"அதை நான் பார்த்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு, வயலின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி அக்கா கத்தினாள், "ஏ சித்தி, நான் சாகும்போது வேற பாட்டுப் பாடணும், நேத்துப் பாடுனது நல்லால்ல." வயலில் எல்லாரும் குனிந்தபடியே சிரித்தார்கள். சித்தி மட்டும் நிமிர்ந்து நின்று அழுதாள்.

டாக்டரிடம் இதையெல்லாம் பயந்து பயந்து சொன்னேன். நிச்சயமாகத் திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் நிதானமாக என்னைப் பார்த்தார்.

"கூட்டம் வேணாம்னுதாங்க சொன்னேன். ஆளே வேணாம்னு சொல்லலையே."

எனக்கு அந்த நிதானம் இன்னும் ஆகாது. ஆனால் ஒன்றுமே விடாததற்கும் எல்லாவற்றையும் விடுவதற்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று வகுப்பில் வருடா வருடம் பலகை நிறைய எழுதிப் போடுகிறவள் நான்தான்.

அக்கா என் மாடி வீட்டுக்குத் திரும்பினாள். பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள், வாய்க்கால் தண்ணீருக்கு வைப்பதுபோல. யார் முறை என்றைக்கு என்பதில் சண்டையும் வந்தது. வந்தவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் வயலில் பயிர் மஞ்சளடித்திருக்கிறது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்று சொல்லிக்கொண்டே அக்காவைச் சாப்பிட வைத்தார்கள். நான் வாசலில் சானிடைசரோடு நின்றேன். ஒருத்தி தும்மினால்கூட எனக்குத் தூக்கிப்போடும். ஒரு தடவை லேசாகக் காய்ச்சல் வந்தது. எல்லாரையும் நிறுத்திவிட்டு வீடு முழுக்க நடந்தேன், என் தலையெழுத்தை நானே திட்டிக்கொண்டேன். காய்ச்சல் தானாக இறங்கியது. முறை மறுபடி ஆரம்பமானது. ஊசிகள் தேதியில் ஏறின. டாக்டரின் விரலுக்கடியில் கட்டி கொஞ்சம் கொஞ்சமாக அசைய ஆரம்பித்தது. ஏன் சுருங்கியது என்று கேட்டால் மருந்து என்றுதான் சொல்வேன். வேறு எதையும் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அறுப்பு முடிந்த சமயத்தில் ஆபரேஷன் நடந்தது. கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுத்து, அந்த ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஓரத்தில் ஒரு செல் நின்றாலும் மறுபடி முதலிலிருந்துதான். அந்த முடிவு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஓரத்தில் என்ன வைப்பது என்று நானே தீர்மானித்துக்கொண்டிருந்தவள். இந்த ஓரத்தில் என் இஷ்டம் எதுவும் செல்லாது. மருத்துவமனை வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். காவலாளி இரண்டு முறை உட்காரச் சொன்னார்.

டாக்டர் படியேறி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார்.

"ஓரமெல்லாம் சுத்தமா இருக்குங்க."

அக்காவின் அறைக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மறுபடி சாத்திவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து நின்றேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள், ஒரு பக்கம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது.

"என்னாடி?"

"ஓரம் சுத்தமா இருக்காம்."

"அப்படின்னா?"

"வரப்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லக்கா. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. இன்னும் கரண்ட் வைக்கணும், அதான் ரேடியேஷன், வருஷா வருஷம் செக்கப் இருக்கு, இனிமே வரவே வராதுன்னு யாரும் சொல்ல முடியாது, எனக்கும் தெரியாது, ஆனா இப்ப..."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கட்டுப் போடாத கை, போர்வை மேல், விரல் விரலாக விரிந்தது. வெளியே வராந்தாவில் தூக்குச்சட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ உஷ் என்று அடக்கினார்கள்.

"சரி, கதவை விட்டுத் தள்ளி நில்லு" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "எல்லாரும் வெளியில நிக்கிறாளுக."